காகித ஆலைக்குச் செல்லும் மாணவரிடம் நாம் வேண்டுவது

(பல்கலைக்கழக விடுமுறையிலே காகித ஆலைப் பயிற்சிக்குச் செல்லவிருக்கும் பொறியியல் மாணவர்களுக்காக ஊர் மக்கள் கூட்டிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நீதிமன்றத்திலே வாதாடிப் பழகிய நம்மை இயந்திரங்கள் ஓடும் இடத்தைப் பற்றிப் பேச அழைத்தது ஏன் என்று உங்களுட் சிலர் வியக்கக்கூடும். இயந்திரத்தின் நுட்பத்தை எடுத்துரைக்க இந்த மேடையிலேயே பொறியியலாளர்கள் வீற்றிருக்கின்றனர். அது அவர்களின் வேலை. நாம் பேச எழுந்தது வேறொன்றைப் பற்றி. ஒரு மாணவன் தன் விடுமுறையிலே சில வாரங்களை ஓர் ஆலைக்குள் கழிக்கிறான். அந்த வாரங்களில் ஆலை அவனுக்குச் செய்யவேண்டியது யாது? அவன் தன்னைப் படிப்பித்த மக்களுக்குச் செய்யவேண்டியது யாது? இவை கடமையையும் உரிமையையும் பற்றிய கேள்விகள். இவற்றை எழுப்ப ஒரு வழக்கறிஞனுக்கும் இடமுண்டு, ஓர் உழவனுக்கும் இடமுண்டு.

நாட்குறிப்பிலே கண்டது

பொறியியல் மாணவர் பட்டம் பெறுமுன் கைத்தொழிற் பயிற்சி பெறல் வேண்டும் என்பது நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் நியதி. பேராதனையிலே படித்தாலும், மொறட்டுவையிலே படித்தாலும், கிளிநொச்சி அறிவியல் நகரிலே படித்தாலும் இதற்கு விலக்கில்லை. பயிற்சிகளை ஒழுங்குபடுத்தத் தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை என்றோர் அரச நிறுவனமும் இருக்கிறது. பயிற்சி பெறுபவர் தாம் செய்த வேலையை நாட்குறிப்பிலே எழுதி, ஆலையின் அதிகாரியிடம் கையொப்பம் பெறவேண்டும்.

அத்தகைய நாட்குறிப்பு ஒன்றை ஒரு தந்தையார் நம்மிடம் கொண்டுவந்தார். வேளாண்மை செய்து மகனைப் படிப்பிக்கும் மனிதர். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாசித்துச் சொல்லும்படி கேட்டார். மகன் பயிற்சிக்குச் சென்ற ஆலையின் பெயர் இங்கு வேண்டாம். முதல் நாளில் 'ஆலையைச் சுற்றிப் பார்த்தேன்' என்றிருந்தது. இரண்டாம் நாளில் 'கந்தோரிலே கோப்புகளை அடுக்கினேன்' என்றிருந்தது. அதன்பின் பதினொரு நாட்களுக்கு 'மேற்படி' என்ற ஒரே சொல். ஒவ்வொரு நாளின் கீழும் குறையாமல் கையொப்பமும் முத்திரையும் இருந்தன. "ஐயா, மேற்படி என்றால் என்ன வேலை?" என்று அந்தத் தந்தையார் கேட்டார்.

இதிலே ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது. உற்பத்திக் கணக்குக்குப் பதில் சொல்லவேண்டிய மேலாளருக்கு மாணவன் ஒரு தொல்லையாகத் தோன்றுகிறான். பல்கலைக்கழகத்துக்குக் கையொப்பம் வந்தாற் போதும். மாணவனுக்கோ கேட்கத் தயக்கம். கேட்டால் நற்சான்றிதழ் கெட்டுவிடுமோ என்ற அச்சம். ஆக, மூவரும் தத்தமக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்டனர். ஆனால் ஒரு பொறியியலாளன் உருவாகவேண்டிய காலம் கோப்பு அடுக்குவதிலே கழிந்துபோயிற்று. இந்த நட்டம் யாருடைய ஏட்டிலும் பதியப்படுவதில்லை. அதனாலேயே இது ஆண்டுதோறும் தொடர்கிறது.

தாள் இல்லாத நாட்கள்

'எத்தனையோ தொழில்கள் இருக்கக் காகிதத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு?' என்று கேட்பீர்கள். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். அந்நியச் செலாவணி இல்லாமையால் தாளும் அச்சு மையும் இறக்குமதி செய்ய முடியாமற் போக, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அதே மாதத்தில் கொழும்பின் நாளிதழ்கள் சிலவும் தாள் இல்லாமல் அச்சுப் பதிப்பை நிறுத்தி இணையத்தில் மட்டும் வெளிவர நேர்ந்தது. பிள்ளைகள் பரீட்சை எழுதத் தாள் இல்லை என்ற நிலைக்கு ஒரு நாடு வந்தது. அந்த நாட்டின் வயல்களிலோ ஒவ்வொரு போகமும் வைக்கோல் குவிந்து, பல இடங்களில் தீயிட்டுக் கொளுத்தப்பட்டது.

வைக்கோலிலிருந்து தாள் செய்யலாம் என்பது புதுமையன்று. 1800ஆம் ஆண்டிலேயே இலண்டனில் மத்தியாஸ் கூப்ஸ் என்பவர் வைக்கோற் காகிதத்தில் அச்சிட்ட நூலொன்றை வெளியிட்டார். நம் மண்ணுக்கும் அந்த அறிவு வந்து சேர்ந்தது. 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராயிருந்த திரு. ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்களின் காலத்தில் வாழைச்சேனைக் காகித ஆலைக்கு வித்திடப்பட்டது. அரசியலில் அவரோடு உடன்பட்டவரும் முரண்பட்டவரும் இதனை மறுப்பதில்லை. 1950களின் நடுப்பகுதியில் அந்த ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. வைக்கோலும் இலுக்குப் புல்லும் அதன் மூலப்பொருள்கள். மட்டக்களப்பு வயல்களின் வைக்கோல் எழுதும் தாளாக மாறியது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அங்கே தோளோடு தோள் நின்று வேலை செய்தனர்.

அதே காலத்தில் பரந்தனிலே இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. ஆனையிறவின் உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் அங்கே செய்யப்பட்டன. வைக்கோலைக் கூழாக்க எரிசோடா வேண்டும். கூழை வெளுக்கக் குளோரீன் வேண்டும். உப்பளம், இரசாயனத் தொழிற்சாலை, வயல், காகித ஆலை என்று ஒன்றையொன்று தாங்கக்கூடிய தொழில்கள் வடக்கிலும் கிழக்கிலும் அமைந்திருந்தன. பின்னர் போர் வந்தது. பரந்தன் தொழிற்சாலை அழிந்தது. வாழைச்சேனை ஆலை நிற்பதும் ஓடுவதுமாகப் பல இன்னல்களைக் கண்டது. போரை மட்டும் காரணமாகக் காட்டிவிட்டு நாம் ஒதுங்கிவிடலாகாது. பழைய இயந்திரம், எரிபொருட் செலவு, கழிவுநீர், மலிவான இறக்குமதித் தாளோடு போட்டி ஆகிய துன்பங்கள் போர் இல்லாத நாடுகளின் வைக்கோல் ஆலைகளையும் வாட்டியவை. ஆதலால், ஆலையை மீண்டும் பழைய வலிமைக்குக் கொண்டுவருக என்று தீர்மானம் நிறைவேற்றினாற் போதாது. எப்படி என்று சொல்லவல்லவர் வேண்டும். அந்தக் கூட்டத்தை உருவாக்கும் முதற் படிதான் நீங்கள் இப்போது செல்லும் பயிற்சி.

ஆலைக்குள் கேட்கவேண்டிய நான்கு கேள்விகள்

மாணவர்களே! எந்த ஆலைக்கு நீங்கள் சென்றாலும், எந்த மூலப்பொருளை அது கையாண்டாலும், நான்கு கேள்விகளோடு உள்ளே செல்லுங்கள்.

முதலாவது, மூலப்பொருள் எங்கிருந்து, என்ன செலவில் வருகிறது? வைக்கோலை எடுத்துக்கொள்வோம். ஒரு தொன் கூழுக்கு இரண்டு முதல் மூன்று தொன் வைக்கோல் வேண்டும். அதுவோ எடை குறைந்தது, இடத்தை அடைப்பது. ஓர் உழவு இயந்திரப் பெட்டி நிறைய ஏற்றினாலும் தராசில் நிறை காட்டாது. அறுவடைக் காலத்தில் மலைபோற் குவியும். ஆலைக்கோ ஆண்டு முழுவதும் வேண்டும். நனைந்தால் அழுகும். மாட்டுக்குத் தீனியும் அதுவே. வயலிலிருந்து முழுவதையும் அள்ளினால் மண்ணுக்குத் திரும்பவேண்டிய பொற்றாசியமும் அதனோடு போய்விடும். இவற்றையெல்லாம் கணக்கிற் கொள்ளாமல் 'வைக்கோல் இலவசம்' என்று எழுதும் திட்டம் எதுவும் உழவன் வாசலைத் தாண்டாது.

தமிழ்நாட்டிலே புகளூரில் 1979இல் நிறுவப்பட்டு 1984 முதல் தாள் செய்துவரும் அரசுக் காகித ஆலையை இங்கே எடுத்துக்காட்டலாம். அது கரும்புச் சக்கையை மூலப்பொருளாகக் கொண்டது. சக்கையோ சர்க்கரை ஆலைகளின் அடுப்புக்கு விறகு. அதனைச் சும்மா தா என்று கேட்க முடியாது. ஆகவே சக்கைக்கு ஈடாக அச்சர்க்கரை ஆலைகளுக்கு வேறு எரிபொருளும் நீராவியும் கிடைக்க ஒழுங்கு செய்தார்கள். எடுப்பவன் ஈடு கொடுக்கவேண்டும் என்பது அங்கே ஒப்பந்தமாயிற்று. நம் உழவர்க்கு வைக்கோலுக்கு ஈடாக எதைக் கொடுக்கலாம் என்று சிந்தித்து வாருங்கள்.

இரண்டாவது, நீர் எவ்வளவு? கம்பிவலையின் மேல் பாயும் கூழிலே நூறு பங்கில் ஏறத்தாழ தொண்ணூற்றொன்பது பங்கு நீர், எஞ்சியதே நார். தாள் செய்வதென்பது பெரும்பாலும் நீரை வெளியேற்றும் வேலை என்று அனுபவம் மிக்க தொழிலாளர் சொல்வர். அந்த நீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை முறை சுற்றுகிறது, எவ்வளவு வீணாகிறது என்று அளந்து எழுதுங்கள். நீர்ப்பாசனக் குளத்தை நம்பி வாழும் மக்களுக்கு இந்த எண் வேறெந்த எண்ணையும்விட முக்கியமானது.

மூன்றாவது, எரிபொருட் செலவு எங்கே குறையும்? கம்பிவலையில் நீர் வடிந்தபின், ஈரத்தாள் உருளைகளுக்கிடையே நெரிக்கப்படுகிறது. அதன்பின் நீராவியாற் சூடேறிய உருளைகளின் மேலோடி உலர்கிறது. நெரித்து வந்த தாளிலே 100 பங்கில் 40 பங்கு நார் என்று கொள்வோம். அப்போது 1,000 கிலோ நாரோடு 1,500 கிலோ நீர் உலர்த்திக்குச் செல்கிறது. நெரிப்பைச் சீர்செய்து 40 பங்கை 41 ஆக்கினால் நீர் ஏறக்குறைய 1,440 கிலோவாகக் குறைகிறது. 60 கிலோ நீரை ஆவியாக்கும் எரிபொருள் மிச்சமாகிறது. நூற்றுக்கு ஒன்று திருந்தினால் உலர்த்தியின் சுமை நூற்றுக்கு நான்கு குறைகிறது என்பதே இதன் பொருள். இந்தக் கணக்கிற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. தாள் துண்டு, தராசு, உலர்த்தும் அடுப்பு, பொறுமை ஆகியவை போதும். ஒரு மாணவன் தன் பயிற்சிக் காலத்திலே செய்துமுடிக்கக்கூடிய வேலை இது. இதனைச் செய்து கொடுத்தவனை எந்த மேலாளரும் தொல்லை என்று சொல்லார்.

நான்காவது, கருநீர் எங்கே போகிறது? வைக்கோலை எரிசோடாவோடு வேகவைத்தபின் கூழைக் கழுவும்போது வடிவது கருநீர். மரத்தைக் கொண்டு கூழ் செய்யும் பெரிய ஆலைகள் அந்நீரைச் சுண்டவைத்து எரித்து, வெப்பத்தையும் எரிசோடாவையும் மீட்டுக்கொள்கின்றன. வைக்கோலிலோ அதன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சிலிக்கா இருக்கிறது; அதாவது மணலின் சத்து. அது கருநீரிலே கரைந்து, சுண்டவைக்கும் குழாய்களுக்குள்ளே கல்லாகப் படிகிறது. மீட்பு வேலை தடைப்படுகிறது. மீட்க முடியாத கருநீர் ஆற்றையும் வாவியையும் நாடுகிறது. வாழைச்சேனை ஆலை வாவியின் அயலிலே அமைந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். உழவனுக்கு வருவாய் தரும் ஆலை மீனவனின் வலையை வெறுமையாக்கலாகாது. இந்தச் சிலிக்காச் சிக்கலை அவிழ்ப்பவன் நம் மக்களுக்குப் பெருந்தொண்டு செய்தவனாவான்.

பயிலுநர் ஒருவர் செய்த வேலை

'சில வாரப் பயிற்சியில் நாம் என்ன சாதிக்க முடியும்?' என்று தளரவேண்டாம். தொடர்ச்சியாகத் தாள் சுருளை வார்க்கும் இயந்திரத்தின் வரலாற்றைப் பாருங்கள். அதற்கு 1799இல் பிரான்சிலே காப்புரிமை பெற்ற நிக்கொலா லூயி றொபேர், காகித ஆலை ஒன்றில் வேலைபார்த்தவர். அதனை இங்கிலாந்திலே நன்கு ஓடும் இயந்திரமாக்கியவர் பிறையன் டொங்கின். அவர் முதலில் ஒரு பிரபுவின் நிலங்களை மேற்பார்வை செய்துவந்தார். பின்னர் டாட்போட் என்னும் ஊரில் ஜோன் ஹோல் என்பவரின் பட்டறையிலே பயிலுநராய்ச் சேர்ந்தார். 1803இல் ஹேட்போட்சயரின் புறொக்மோர் ஆலையில் அவர் அமைத்த இயந்திரம் ஓடியது. பணம் முதலிட்ட போர்ட்ரினியர் சகோதரர் பின்னர் கடனாளிகளாயினர் எனினும், இயந்திரம் இன்றும் அவர்கள் பெயரால் வழங்குகிறது. பெயர் முதலிட்டவர்க்குப் போயிற்று. அறிவோ பட்டறையிலே கைபழகியவரிடமிருந்து வந்தது.

ஆதலால் மேலாளரின் அறையிலேயே நின்றுவிடாதீர்கள். தாள் அறுவதற்கு முன் இயந்திரத்தின் ஓசை மாறுவதை இருபது ஆண்டு நின்று வேலை செய்த தொழிலாளி காதால் அறிவார். நூலில் இல்லாத அந்த அறிவை அவரிடமே பெறவேண்டும். 'அண்ணே, இது ஏன் இப்படி?' என்று மரியாதையோடு கேளுங்கள். அவர் வழங்கும் தமிழ்ச் சொற்களையும், சிங்களத் தொழிலாளி வழங்கும் சொற்களையும் ஆங்கிலச் சொல்லோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

சட்டம் சொல்வது

இனி, நமது தொழிலுக்குரிய பகுதிக்கு வருவோம். பயிற்சி பெறுபவன் ஆலையின் விருந்தாளியும் அல்லன், எடுபிடியும் அல்லன். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 'வேலையாள்' என்பதற்கு அது தரும் வரைவிலக்கணத்தில் சேவை ஒப்பந்தத்தோடு பயிலுநர் ஒப்பந்தமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே பெற்றோர் முதலிற் கேட்கவேண்டியது, 'எழுத்திலே என்ன இருக்கிறது?' என்பதே. பயிற்சிக்கு ஒப்பந்தம் உண்டா, எந்த வாரம் எந்தப் பிரிவில் வேலை, பொறுப்பான அதிகாரி யார், விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்பவை எழுத்தில் இருத்தல் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி வந்து வழக்கில் தவிப்பவர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

விபத்து என்று சொல்லி அச்சுறுத்துவது நமது நோக்கமன்று. ஆனால் காகித இயந்திரத்திலே இரண்டு உருளைகள் உள்நோக்கிச் சுழன்று சந்திக்கும் இடம் மிகக் கொடியது. சட்டைக் கையின் நுனியைப் பற்றினால் கையை விடாது. இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகளுக்குக் காப்பு வேலி இடவேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் விதிக்கிறது. வேலி இல்லாத இடத்தில் நிற்கச் சொன்னால், நிற்கமாட்டேன் என்று பணிவாகச் சொல்லுங்கள். அது கீழ்ப்படியாமை ஆகாது. தளர்ந்த உடையையும் தொங்கும் சால்வையையும் விரித்த கூந்தலையும் இயந்திரத்தருகே கொண்டுசெல்லாதீர்கள். எரிசோடா கண்ணைக் கெடுக்கும். குளோரீன் மூச்சைப் பிடிக்கும். கண்ணாடியும் கையுறையும் கேட்டுப் பெறுங்கள்.

மாணவியரை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பீடத்திலே ஆண் பிள்ளைகளோடு சமமாய்ப் படித்துப் புள்ளி பெற்றவளைக் கந்தோர் மேசையோடு நிறுத்தினால், அவள் பெறும் பட்டத்தின் ஒரு பகுதியை நாமே கிழித்தெறிந்தவராவோம். தங்குமிடமும் போக்குவரத்துமே உண்மையான தடைகள். அவற்றை நீக்குவது ஊரின் கையில் இருக்கிறது.

ஊர் செய்யவேண்டியது

ஆகையால் மூன்று வேண்டுகோள்களை இக்கூட்டத்தின் முன் வைக்கிறோம். இங்கே வந்திருக்கும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் பொறியியலாளர்களும் வழக்கறிஞர்களும் ஒரு சிறு குழுவாகக் கூடுங்கள். ஆலைக்கு அருகே மாணவ மாணவியர் தங்க வீடும், அவர்களின் பயிற்சி ஒழுங்கை ஆலையோடு எழுத்திற் பேச ஒருவரையும் ஏற்படுத்துங்கள். இது முதலாவது.

கமக்கார அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் வரும் பெரும்போகத்தில் வைக்கோற் கணக்கு ஒன்று எடுக்க வேண்டும். எத்தனை ஏக்கரில் எவ்வளவு கிடைத்தது, மாட்டுக்கு எவ்வளவு, வயலுக்கு எவ்வளவு, எரித்தது எவ்வளவு என்று எழுதி மாணவர் கையிற் கொடுங்கள். உழவன் தராத எண்ணைப் பொறியியலாளன் எங்கிருந்து பெறுவான்? இது இரண்டாவது.

மூன்றாவது வேண்டுகோள் மாணவருக்கு. பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் ஆங்கிலத்திலே அறிக்கை எழுதுவீர்கள். அதே அறிக்கையின் சாரத்தை நான்கு பக்கத்தில் தமிழிலே எழுதுங்கள். ஆலையின் தொழில் இரகசியத்தை வெளியிடச் சொல்லவில்லை, அது முறையுமன்று. நீர், வைக்கோல், எரிபொருள், கருநீர் ஆகிய நான்கையும் பற்றி ஓர் உழவன் அறியவேண்டியதை எழுதுங்கள். பயிற்சி முடிந்த மறு மாதம் இம்மண்டபத்திலேயே அதனை வாசியுங்கள். உழவர்கள் குறுக்குக் கேள்வி கேட்கட்டும். அவர்களின் குறுக்கு விசாரணைக்குத் தப்பிய சாட்சியத்தை எந்த அமைச்சின் மேசையிலும் துணிந்து வைக்கலாம்.

அந்தக் கூட்டத்தின் திகதியை இன்றே குறித்துக்கொண்டு கலையுமாறு தலைவர் அவர்களைக் கேட்டு, நமது உரையை முடித்துக்கொள்கிறோம். சென்று வாருங்கள். பத்திரமாய்த் திரும்பி வாருங்கள்.